10.0.2.15, ஆலத்தியூர்

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழையும் வரிசையாக எடுத்து வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். அக்கா 1998-ல் பிறந்தாள், பெரம்பலூர் மாவட்டம். நான் 2001, அரியலூர் மாவட்டம். தம்பி 2004, மறுபடியும் பெரம்பலூர் மாவட்டம். வீடு ஒரு அடிகூட நகரவில்லை. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் திரும்பப் பிரித்தார்கள். தாத்தா இருந்தவரை இதைச் சொல்லிச் சிரிப்பார். "ஊரு இருக்குற எடத்துலயேதான் இருக்கு. அட்ரஸ்தான் ஊரச் சுத்துது."

முகவரி என்பது நாம் இருக்கும் இடம் அல்ல, நம்மைப் பற்றி யாரோ எழுதி வைத்திருக்கும் ஒன்று. இது எனக்குப் புரிந்தது 2022-ல், நான்கு ராத்திரிகளில். மாவட்டம் பிரிந்ததால் இல்லை. ஒரு லேப்டாப்புக்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்க்க மறுத்ததால்.

*

ஆலத்தியூர், செந்துறை வட்டம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முதலில் சிமென்ட் ஆலையின் கோபுரம் தெரியும், அப்புறம்தான் ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அப்பா ஒரு ஒப்பந்தக்காரரிடம் டிப்பர் ஓட்டுகிறார். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அக்காவுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில்தான் லினக்ஸ் பழகினேன். ஆனால் அதில் விர்ச்சுவல் மெஷின் போட முடியாது, மூச்சு முட்டிவிடும். அதனால் திருச்சியில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினோம். 8 ஜிபி ராம். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது அதற்காகத்தான். தோடு இல்லாத காதில் அம்மா வேப்பங்குச்சி செருகியிருந்தாள். ஒவ்வொரு முறை லேப்டாப்பைத் திறக்கும்போதும் அந்தக் குச்சிதான் கண்ணில் படும்.

சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் சிஸ்டம் அட்மின் வேலைக்கு ஆள் எடுத்தது. முதல் சுற்றில் தேறிவிட்டேன். இரண்டாவது சுற்றுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின் உருவாக்குங்கள், ஒன்றில் வெப் சர்வர், இன்னொன்றில் டேட்டாபேஸ், முதலாவது இரண்டாவதோடு பேச வேண்டும், வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு வீடியோ காலில் காட்டுங்கள். திங்கள்கிழமை மதியம் மெயில் வந்தது. படித்ததும் சிரிப்புதான் வந்தது. இவ்வளவுதானா?

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கம்ப்யூட்டரைச் செய்வது. உள்ளே இருப்பதற்குத் தான் பொய் என்று தெரியாது. தனக்கென்று ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். 1960-களில் ஐபிஎம் தன் பெரிய கணினிகளில் செய்து பார்த்தது. 1972-ல் விஎம்/370 என்று வெளியிட்டது. நம் மேசைக்கு வந்தது 1999-ல், விஎம்வேர் மூலம். நான் பயன்படுத்தியது விர்ச்சுவல்பாக்ஸ். 2007-ல் ஒரு ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது, பிறகு சன் கைக்குப் போய், அங்கிருந்து ஆரக்கிள் கைக்குப் போனது. இலவசம். எங்கள் ஊரில் உட்கார்ந்து இதெல்லாம் கற்றுக்கொள்ள முடிந்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

உபுண்டு சர்வர் ஐஎஸ்ஓவை இறக்கவே ஒரு நாள் மொபைல் டேட்டா தீர்ந்துவிட்டது. அதனால் ஒரு மெஷினை மட்டும் முழுசாக நிறுவி, அதை குளோன் எடுத்து இரண்டாவதாக்கினேன். ஒன்றுக்கு 'வெப்', இன்னொன்றுக்கு 'டிபி' என்று பெயர் வைத்தேன். பெயர் மாற்றிவிட்டால் ஆள் வேறாகிவிடுவார் என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையே அந்த ஒரு நினைப்பைப் பற்றியதுதான்.

*

முதல் ராத்திரி. இரண்டிலும் இன்டர்நெட் வந்தது. வெப் மெஷினில் ஐபி முகவரி என்ன என்று கேட்டேன். 10.0.2.15 என்றது. டிபியின் முகவரி வேண்டும், அதில் போய்க் கேட்டேன். 10.0.2.15. சரி, தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் மாறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, வெப்பிலிருந்து 10.0.2.15-க்கு பிங் அடித்தேன். பிங் என்பது 'இருக்கியா?' என்று கூப்பிட்டுப் பார்ப்பது. உடனே பதில் வந்தது. 0.03 மில்லி விநாடி. அட, என்ன வேகம்! அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

டேட்டாபேஸோடு இணைத்தேன். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு.' மறுபடி பிங். உடனே பதில். மறுபடி இணைப்பு. மறுப்பு. ஆள் இருக்கிறார், குரல் கொடுக்கிறார், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். ராத்திரி இரண்டு மணி வரை டேட்டாபேஸின் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன்.

காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. வெப் மெஷின் தன் முகவரியையே தான் கூப்பிட்டிருக்கிறது. தானே 'இருக்கேன்' என்று சொல்லியிருக்கிறது. அந்த 0.03 மில்லி விநாடிதான் துப்பு. இன்னொரு மெஷினுக்குப் போய் வந்திருந்தால் அதைவிடப் பல மடங்கு ஆகியிருக்கும். கேள்வி வாயை விட்டு வெளியே போகும் முன்பே பதில் வந்துவிட்டால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது உங்களோடுதான்.

பிறகு மேனுவலைத் திறந்து படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டியது. விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக ஒரு மெஷின் உருவாக்கினால், அதன் நெட்வொர்க் 'நாட்' என்ற முறையில் இருக்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக ஒரு பொய் ரவுட்டர். ஒவ்வொரு ரவுட்டரும் தன் பின்னால் இருக்கும் ஒரே மெஷினுக்கு 10.0.2.15 என்ற அதே முகவரியைக் கொடுக்கும். என் இரண்டு மெஷின்களுக்கு மட்டுமல்ல. அமைப்பை மாற்றாமல் இந்த மென்பொருளைப் பயன்படுத்தும் யாராக இருந்தாலும், பெர்லினோ பெண்ணாடமோ, உள்ளே இருக்கும் மெஷின் தன்னை 10.0.2.15 என்றுதான் சொல்லிக்கொள்ளும். எல்லாருக்கும் ஒரே கதவு எண். யாருக்கும் யாரையும் தெரியாது.

*

நாட் என்றால் என்ன என்று வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். புரிந்தது வீட்டு பீரோவில் இருந்த ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையால். அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை. கீழே ஒரு தொலைபேசி எண், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று இருக்கும். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மளிகைக்கடையில் இருந்தது. அந்த எண்ணைத்தான் எங்கள் எண்ணாகக் கொடுத்தோம், அதுதான் பி.பி. நாங்கள் வெளியே பேச வேண்டுமென்றால் கடைக்குப் போய்ப் பேசிவிடலாம். எதிர்முனைக்குக் கடையின் எண்தான் தெரியும். ஆனால் வெளியிலிருந்து எங்களைக் கூப்பிட்டால், கடைக்காரர் ஒரு பையனை அனுப்பி எங்களைக் கூட்டிவர வேண்டும். அவர் மனசு வைத்தால்தான் உண்டு.

நாட் அப்படியே இதுதான். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று ஒன்று இருக்கிறது. அதுதான் அந்தப் பையன். இந்த எண்ணில் போன் வந்தால் இந்த வீட்டுக்கு ஓடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது.

ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகத்துக்கே அவ்வளவுதான். போதாது என்று முன்பே தெரிந்துவிட்டதால், 1994-ல் நாட் என்ற யோசனையை எழுதி வைத்தார்கள். சில எண்களைத் தனியாகவும் ஒதுக்கினார்கள். 10-ல் தொடங்குபவை, 192.168-ல் தொடங்குபவை, நடுவில் 172-ல் ஒரு பகுதி. இவற்றை எந்த வீட்டுக்குள்ளும் யாரும் வைத்துக்கொள்ளலாம், வெளியே செல்லாது. எல்லா ஊரிலும் ஒரு மாரியம்மன் கோயில் தெரு இருப்பதுபோல. ஊருக்குள் அது போதும். ஊர் பெயரில்லாமல் தபாலில் போட்டால் எங்கும் போய்ச் சேராது. 2011 பிப்ரவரி 3-ல் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி எண்களையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மொபைலில் இணையம் பார்க்க வந்த என் தலைமுறையில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு பி.பி. எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கிறோம்.

*

இரண்டாவது ராத்திரி அப்பாவுக்கு ஷிப்ட் இல்லை. பத்து மணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு என் படிப்பைப் பற்றிக் கேட்கத் தெரியாது. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியாது.

"என்ன பாப்பா, ஓடலையா?"

"ரெண்டு மெஷினும் பேச மாட்டேங்குதுப்பா."

"ஏன்?"

"ரெண்டுக்கும் ஒரே நம்பர்."

அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "கூட்டுப் பட்டாவா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அது சிரிக்கும் விஷயம் இல்லை. தாத்தாவின் மூன்று ஏக்கர் இருபது சென்ட் புஞ்சை, அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. சர்வே எண்ணைச் சொல்லவில்லை, 100/2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் முந்திரி, பாதியில் மழை பார்த்து மக்காச்சோளம். 2018-ல் ஒருவர் விலை கேட்டு வந்தார். சித்தப்பா தன் பங்கைக் கொடுத்துவிடலாம் என்றார். அப்பா, "எதுடா உன் பங்கு? கிழக்கா மேற்கா? காட்டு" என்றார். காட்ட முடியாது. பட்டாவில் இரண்டு பெயரும் ஒரே எண்ணில் இருந்தன. முந்திரி இருக்கும் பக்கம் யாருக்கு என்று தொடங்கிய பேச்சு, தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் செலவு செய்தது என்பதில் போய் நின்றது. அன்றோடு பேச்சு நின்றது. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டுக்கு நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது. சுவர் வந்த பிறகும் இரண்டு பக்கத்துக்கும் பஞ்சாயத்துக் கதவு எண் ஒன்றுதான். கூரியர்காரர் எங்கள் பார்சலை அங்கே கொடுப்பார், அவர்களுடையதை இங்கே கொடுப்பார். தம்பி சுவருக்கு மேலே கை நீட்டி மாற்றிக்கொள்வான். நான்கு வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டிய பேச்சு அவ்வளவுதான்.

அன்றைக்கு அப்பாவுக்கு சப்நெட் விளக்கினேன். 192.168.1.0/24 என்று எழுதிக் காட்டினேன். "சர்வே நம்பர் மாதிரியே கோடு போட்டிருக்கே" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன், கொஞ்சம் வித்தியாசம். சர்வே எண்ணில் கோட்டுக்குப் பின்னால் வருவது உட்பிரிவு, எந்தத் துண்டு என்று சொல்வது. இதில் கோட்டுக்குப் பின்னால் வருவது, முகவரியின் 32 பிட்டில் முதல் எத்தனை பிட் ஊருக்குப் பொது என்று சொல்வது. 24 பொது என்றால் மிச்சம் 8, அதில் 256 எண்கள். முதலும் கடைசியும் யாருக்கும் கிடையாது, மீதி 254 பேர் குடியிருக்கலாம். ஒரே ஊருக்குள் என்றால் நேராகக் கூப்பிட்டுக்கொள்ளலாம். வேறு ஊர் என்றால் ரவுட்டர் வழியாகத்தான்.

"ஆக, ஒரே ஊர்ல இருக்கணும். ஆனா நம்பர் வேற வேறயா இருக்கணும்."

"ஆமாப்பா."

"அப்பத்தான் பேசும்."

"ஆமா."

அப்பா எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

*

மூன்றாவது நாள் 'பிரிட்ஜ்டு' முறைக்கு மாற்றினேன். இதில் பொய் ரவுட்டர் கிடையாது. விர்ச்சுவல் மெஷின் நேராக வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டராகப் போய் நிற்கும், தனக்கென்று தனி முகவரி வாங்கிக்கொள்ளும். சரியான வழி என்று நினைத்தேன். மெஷினை ஆன் செய்தால், நெட்வொர்க் வருவதற்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி போட்டு, ஒரு சிவப்பு நட்சத்திரம் இங்கும் அங்கும் ஓடியது. இரண்டு நிமிஷம் ஓடிவிட்டு, முகவரி இல்லாமலேயே உள்ளே விட்டது. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம்.

காரணம், என் இன்டர்நெட் மொபைல் ஹாட்ஸ்பாட். வைஃபையில் ஒரு வழக்கம் உண்டு. கைகுலுக்கி உள்ளே வந்த கார்டின் பெயரில் வரும் பேச்சை மட்டும்தான் எதிர்ப்பக்கம் ஏற்கும். லேப்டாப் உள்ளே வந்துவிட்டது. அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இன்னொருவர் வேறு பெயரில் பேசினால் காதில் வாங்காது. விர்ச்சுவல்பாக்ஸ் பெயரை மாற்றிப் போட்டுச் சமாளிக்கப் பார்க்கும். பல இடங்களில் நடக்கும், சில இடங்களில் நடக்காது. என் போனில் நடக்கவில்லை. ஒயரில் நேராகச் செருகினால் இந்தத் தொல்லை இல்லை. ஒயர் வேண்டுமென்றால் ரவுட்டர் வேண்டும். ரவுட்டர் இருப்பது சித்தப்பா வீட்டில். ஃபைபர் கனெக்‌ஷன், சுவரைத் தாண்டி ஆறு அடியில்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "போயிட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள்.

வியாழக்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் வாசலிலிருந்து அவர்கள் வாசலுக்கு எட்டு அடி. நான்கு வருஷத்தில் முதல் முறை. சித்தி கதவைத் திறந்து ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, "வாம்மா. என்ன இப்படி எளச்சுப்போயிருக்க?" என்றார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்.

"சித்தப்பா, ஒரு ஒயர் செருகிக்கணும். வேலைக்கு."

"இதுக்கு எதுக்குக் கேக்குற? உக்காரு." ரவுட்டர் மேலிருந்த மணிபர்ஸையும் சாமி படத்தையும் அவரே எடுத்துத் தள்ளி வைத்தார்.

*

ஒயரைச் செருகினேன். உடனே முகவரி கிடைத்தது. வெப் மெஷின், 192.168.1.7. டிபி மெஷின், 192.168.1.7.

கத்த வேண்டும் போல இருந்தது. வேறு வீடு, வேறு ரவுட்டர், ஒயர்கூடப் போட்டாயிற்று. மறுபடியும் ஒரே எண்.

சித்தி கொடுத்த டீ ஆறிப்போயிற்று. அப்பா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. எங்கள் பகுதி கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால், கிரெட்டேசியஸ் காலத்தில், கடல். வயலில் கிளிஞ்சல் கல் கிடைக்கும். 1860-களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் வந்து இந்தப் பாறைகளை அடுக்கடுக்காகப் பிரித்து எழுதியிருக்கிறார், அதில் ஒரு தொகுதிக்குப் பெயரே அரியலூர். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "மேல செம்மண்ணப் பார்த்துட்டு கீழ என்ன இருக்குன்னு சொல்ல முடியாது பாப்பா. தோண்டித்தான் பாக்கணும்." நெட்வொர்க்கையும் ஏழு அடுக்காகத்தான் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் மூன்றாவது அடுக்கிலேயே நின்று முட்டிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கவே இல்லை.

இரண்டாவது அடுக்கில் இருப்பது மேக் முகவரி. நெட்வொர்க் கார்டு பிறக்கும்போதே வருவது. முதல் பாதி தயாரித்தவரின் இனிஷியல் மாதிரி. விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் 08:00:27 என்ற இனிஷியல். பின்பாதிதான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். என் இரண்டு மெஷினுக்கும் பின்பாதியும் ஒன்றாகவே இருந்தது. குளோன் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டது, நாட் கார்டுகளின் மேக் முகவரியை அப்படியே வைத்துக்கொள்ளவா என்று. நான் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்தியிருந்தேன். நாட்டில் இருந்தவரை அதனால் தொந்தரவில்லை. இரண்டும் தனித்தனி அறைக்குள் அடைந்து கிடந்தன, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. ஒரே கூடத்துக்கு வந்ததும்தான் ஒரே முகம் என்று தெரிகிறது.

புதிய மேக் முகவரி போட்டேன். ரீஸ்டார்ட். 192.168.1.7. மறுபடியும்.

இன்னும் கீழே. உபுண்டு ரவுட்டரிடம் முகவரி கேட்கும்போது, மேக் முகவரியை மட்டும் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. முதல் முறை ஆன் ஆனபோது தனக்குத் தானே எழுதி வைத்துக்கொண்ட மெஷின்-ஐடி என்ற ஒரு நீள எண்ணிலிருந்து ஓர் அடையாளம் செய்து, அதைச் சொல்கிறது. குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே நகலாகியிருந்தது. பெயர் மாற்றினேன், முகம் மாற்றினேன். கேட்டால் உள்ளே இருப்பவர் இன்னும், "நான்தான், போன தடவை வந்தேனே, அதே ஆள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரவுட்டரும் பழைய சாவியையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

டிபியில் அந்தக் கோப்பைக் காலி செய்தேன். ரீஸ்டார்ட். புதிதாக ஒரு மெஷின்-ஐடி எழுதிக்கொண்டது. 192.168.1.8.

எட்டு. பிங் அடித்தேன். 0.6 மில்லி விநாடி. இந்த முறை அந்தத் தாமதத்தைப் பார்த்துதான் சந்தோஷப்பட்டேன். அங்கே வேறு ஒருவர் இருக்கிறார்.

டேட்டாபேஸோடு இணைத்தேன். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு.

அழுதுவிட்டேன். சித்தப்பா பதறிப்போய், "ஒயர் சரியில்லையா பாப்பா? செந்துறை போயி வேற வாங்கியாரவா?" என்றார். ஒயர் இல்லை சித்தப்பா என்றேன். டேட்டாபேஸ் நிறுவும்போதே 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுக்கும்படி அமைந்திருக்கும். 127.0.0.1 என்றால் 'நான்'. யார் கதவைத் தட்டினாலும் கேட்காது, தன் வீட்டுக்குள் இருப்பவர் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி. ஒரு வரி. அதை 192.168.1.8 என்று மாற்றினேன். வெப் மெஷினிலிருந்து வரும் பயனருக்கு அனுமதி கொடுத்தேன். மாலை நாலே கால் மணிக்கு வெப் பக்கத்தில் டேட்டாபேஸிலிருந்து ஒரு வரி வந்து நின்றது. நானே எழுதி வைத்த வரிதான். 'வணக்கம், நான் டிபி.'

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ?" என்றார்.

*

வெள்ளிக்கிழமை வீடியோ கால். என் போன் டேட்டாவை நம்ப முடியாது, சித்தப்பா வீட்டிலேயே உட்கார்ந்தேன். சித்தி மிக்ஸியைப் போடாமல் அம்மியில் அரைத்தார். ஓடுகிறதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. மீதி நேரம் முழுக்க வேறு கேள்விகள். எங்கே நின்றது? முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள்? அப்புறம்? பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருந்ததை மறைக்காமல் சொன்னேன். தன்னைத் தானே பிங் அடித்ததைச் சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார், தானும் செய்திருக்கிறாராம். கடைசியில் அவர் கேட்டார்: "இதுக்கு ரவுட்டரே தேவையில்லையே, ஹோஸ்ட்-ஒன்லி போட்டுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் போட்டுப் பார்த்தேன். முதல் கார்டு நாட், அது இன்டர்நெட்டுக்கு. இரண்டாவது கார்டு ஹோஸ்ட்-ஒன்லி, அது லேப்டாப்புக்குள்ளேயே ஒரு சின்னத் தெரு. லேப்டாப் 192.168.56.1, மெஷின்கள் 101, 102. வைஃபையும் வேண்டாம், ஒயரும் வேண்டாம், போனை அணைத்தே வைத்திருக்கலாம். மேக்கையும் மெஷின்-ஐடியையும் சரி செய்திருந்தால் என் மேசையிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். "சித்தப்பா வீட்டுக்குப் போயே இருக்க வேண்டாம்பா. நான்தான் தப்பா யோசிச்சுட்டேன்."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனதைப் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "போனது தப்பில்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "அவனுக்கு முதுகுவலி தேவலையா?" என்றார்.

*

வேலை கிடைத்தது. அம்மாவின் தோட்டை மூன்றாவது மாதச் சம்பளத்தில் மீட்டோம். இப்போது சென்னையில் இருக்கிறேன். குளோன் எடுக்கும் ஜன்னல் வரும்போதெல்லாம் கை தானாக நின்றுவிடுகிறது.

இந்தக் கட்டுரையை இரண்டு அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுவதோடு முடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போனதால் எதுவும் மாறிவிடவும் இல்லை. சித்தியும் அம்மாவும் கொல்லைப்புறத்தில் பேச ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அப்பா இ-சேவை மையத்துக்குப் போய் உட்பிரிவுக்கு மனு கொடுத்தார். யாரிடமும் சொல்லாமல் போனார். சித்தப்பாவின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. தம்பி சுவருக்கு மேலே காகிதத்தை நீட்டினான், பத்து நிமிஷத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. சர்வேயர் வந்து அளந்த அன்று நான் ஊரில்தான் இருந்தேன். டேப்பின் ஒரு முனையை அப்பா பிடித்தார், மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் சித்தப்பா பிடித்தார். நடுவில் நூறு அடி டேப். "கொஞ்சம் இழு" என்றார் அப்பா. "இழுத்துத்தான் புடிச்சிருக்கேன்" என்றார் சித்தப்பா. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் இரண்டு வாக்கியங்கள் அவை. முந்திரிப் பக்கம் சித்தப்பாவுக்குப் போனது. அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

100/2ஏ, 100/2பி என்று தனித்தனிப் பட்டா வந்தது. சித்தப்பா நிலத்தை விற்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இன்றுவரை விற்கவில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவும் அவரும் பொதுக் கல்லின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, வரப்பை எந்தப் பக்கம் வெட்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல சத்தமான சண்டை. தூரத்திலிருந்தே கேட்டது.

வீட்டின் கதவு எண் மட்டும் இன்னும் மாறவில்லை. கூரியர்காரர் இப்போதும் மாற்றித்தான் கொடுக்கிறார். இப்போதெல்லாம் அதைக் கொடுக்கச் சித்தப்பாவே நடந்து வருகிறார்.